இதே நாள்ல என்ன நடந்துச்சுன்னு போர்டுல எழுதறது எப்படி: சேலத்துக்காரங்களுக்கு

ஸ்கூல் பிரேயர்ல வாசிக்கவோ படிப்பகத்து வாசல் போர்டுல எழுதவோ ‘வரலாற்றில் இன்று’ தேடுனீங்கன்னா வாட்ஸ்அப்ல இருபது வரி ஃபார்வர்டு ஒண்ணு வந்து விழும். எந்த நாட்டுலயோ ஒரு ராஜா பட்டத்துக்கு வந்தாரு, எங்கயோ ஒரு பாலம் திறந்தாங்க, ஒரு யுனிவர்சிட்டி ஆரம்பிச்சாங்க, அப்புறம் பிறந்தவங்க லிஸ்ட், இறந்தவங்க லிஸ்ட். அதை அப்படியே காப்பி பண்ணா வாசிக்கிற பையனும் மூச்சு விடாம வாசிச்சுட்டு போயிருவான், கேட்டவங்களுக்கும் ஒண்ணும் தங்காது, போர்டுல எழுதுனா ஐந்து ரோட்டுல பஸ்ஸுக்கு நிக்கறவங்க கூட திரும்பிப் பாக்க மாட்டாங்க.

நான் சொல்றது, மூணு விஷயம் போதும். அதுல ஒண்ணு நம்ம சேலத்தோட சம்பந்தப்பட்டதா இருக்கணும், இன்னொண்ணு வெளியில எங்கயோ நடந்தது ஆனா நம்மூர் விஷயத்தோட ஏதோ ஒரு இடத்துல ஒட்டணும், மூணாவது சும்மா சுவாரசியத்துக்கு. வெறும் தேதி ஒத்துப் போறதுல ஒரு அர்த்தமும் கிடையாது, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைக்கறப்ப படிக்கறவங்களுக்கு ஒரு கேள்வி வரணும், அந்த ஜோடியைத் தேடிப் பிடிக்கறது தான் இதுல இருக்கற வேலையே.

முதல்ல ஒரு பழைய டைரி எடுத்துக்கோங்க. வருஷம் முடிஞ்ச டைரி யார் வீட்டுலயாவது எழுதாம கிடக்கும், பக்கத்துக்கு ஒரு தேதின்னு அச்சடிச்சே இருக்கும். லீப் வருஷ டைரியா பாத்து எடுங்க, பிப்ரவரி 29க்கும் பக்கம் வேணும், அந்தப் பக்கத்துக்கு அருமையான விஷயம் ஒண்ணு இருக்கு. மொரார்ஜி தேசாய் 1896 பிப்ரவரி 29ல பொறந்தவரு. நாலு வருஷம் கழிச்சு 1900 லீப் வருஷம் கிடையாது (நூறால வகுபட்டு நானூறால வகுபடலன்னா லீப் இல்ல), அதனால அவருக்கு அடுத்த பிப்ரவரி 29 வந்ததே எட்டு வயசுல, 1904ல. அதே 1904 பிப்ரவரி 29ல தான் கலாக்ஷேத்ரா ஆரம்பிச்ச பரதநாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் பொறந்தாங்க. 1977ல பிரதமரா இருந்த மொரார்ஜி, ஜனாதிபதி பதவிக்கு நில்லுங்கன்னு அவங்களைத் தான் கேட்டாரு, அவங்க வேண்டாம்னுட்டாங்க. இந்த மாதிரி ஒண்ணு கிடைச்சா அன்னைக்கு வேற எதையும் எழுத வேண்டாம், போர்டு முழுக்க அது ஒண்ணே போதும்.

அடுத்து, தேதியை வச்சு நெட்டுல தேடறதை விட்டுட்டு ஊரை வச்சு ஆரம்பிங்க. ‘ஆகஸ்ட் 21’ன்னு தேடுனா உலகம் முழுக்க கொட்டும், ஆனா அதுல நம்ம மேட்டூர் இருக்காது. முதல்ல நம்மூர்த் தேதி எல்லாத்தையும் டைரியில ஏத்திருங்க, அப்புறம் அந்தந்தத் தேதிக்கு வெளி உலகத்துல என்ன நடந்துச்சுன்னு பாருங்க. எனக்குத் தெரிஞ்சதுல கொஞ்சம் சொல்றேன், அப்படியே எடுத்துக்கோங்க.

மேட்டூர் அணை திறந்தது 1934 ஆகஸ்ட் 21. 1925ல வேலை ஆரம்பிச்சு ஒன்பது வருஷம் கட்டுனாங்க, கவர்னர் ஜார்ஜ் ஃப்ரெடெரிக் ஸ்டான்லி பேரைத் தான் நீர்த்தேக்கத்துக்கு வச்சாங்க. முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. இவ்வளவும் எல்லாருக்கும் தெரிஞ்சது தான், போர்டுல இதை மட்டும் போட்டா ஜெனரல் நாலெட்ஜ் கைடு மாதிரி ஆயிரும். இப்ப இதே ஆகஸ்ட் 21க்கு வெளியில பாருங்க. 1986ல கேமரூன் நாட்டுல நியோஸ்னு ஒரு ஏரி, எரிமலை வாய்ல தண்ணி தேங்கி உண்டான ஏரி, அடி ஆழத்துல கரைஞ்சு கிடந்த கார்பன் டை ஆக்சைடு ராத்திரியில ஒரேடியா மேல கிளம்பி பள்ளத்தாக்குல இறங்கிருச்சு, தூங்கிட்டு இருந்தவங்க மூச்சு முட்டி 1,700 பேருக்கு மேல செத்துட்டாங்க, ஆடு மாடும் ஆயிரக்கணக்குல. அதுக்கப்புறம் அந்த ஏரிக்குள்ள குழாய் இறக்கி வாயுவை கொஞ்சம் கொஞ்சமா வெளிய விட ஏற்பாடு பண்ணாங்க. தண்ணியைத் தேக்குனதுல டெல்டா வயல் எல்லாம் விளைஞ்சது ஒரு ஆகஸ்ட் 21, தேங்கி நின்ன தண்ணி ஊரையே முடிச்சது இன்னொரு ஆகஸ்ட் 21. பன்னவாடி பக்கம் தண்ணி இறங்குறப்ப நந்தி சிலை வெளிய தெரியறதைப் பாத்தவங்க இருந்தா, அணைக்குள்ள மூழ்குன ஊர் பத்தியும் அவங்களே பேச ஆரம்பிச்சிருவாங்க, போர்டு போடறதே அந்தப் பேச்சுக்குத் தானே.

மூணாவதுக்கு மோனாலிசா. 1911 ஆகஸ்ட் 21, திங்கக்கிழமை, லூவர் மியூசியம் லீவு நாள், அங்க வேலை பாத்திருந்த பெருஜியான்னு ஒரு இத்தாலிக்காரன் படத்தைக் கழட்டி எடுத்துட்டுப் போயிட்டான். படம் காணோம்னு கண்டுபிடிச்சது மறுநாள் 22ந்தேதி. ரெண்டு வருஷம் கழிச்சு ஃப்ளாரன்ஸ்ல தான் பிடிபட்டான். இதை ஆகஸ்ட் 21லயா 22லயா எழுதறதுன்னு குழம்ப வேண்டாம், ‘திருடு போனது’ன்னு எழுதுனா 21, ‘தெரிய வந்தது’ன்னு எழுதுனா 22. இந்த விஷயத்துக்கு அப்புறம் வர்றேன், ஏன்னா தேதித் தப்பு பாதி இங்க தான் வருது.

அடுத்த தேதி பிப்ரவரி 11. 1950ல சேலம் சென்ட்ரல் ஜெயில்ல நடந்த துப்பாக்கிச் சூட்டுல கம்யூனிஸ்ட் கைதிங்க 22 பேர் செத்துப் போனாங்க, குடியரசு ஆகி ஒரு மாசம் கூட முடியல. கேரளாப் பக்கத்துல இருந்து கொண்டு வந்து வச்சிருந்தவங்க அதுல நிறைய பேரு. அஸ்தம்பட்டி தாண்டி ஏற்காடு போற பஸ்ல தினமும் அந்தப் பக்கமா போறவங்கள்ல பாதிப் பேருக்கு இது தெரியாது. அதே பிப்ரவரி 11, 1990ல தான் நெல்சன் மண்டேலா 27 வருஷம் கழிச்சு ஜெயில்ல இருந்து வெளிய நடந்து வந்தாரு. ஜெயிலுக்குள்ள முடிஞ்சு போன 22 பேரும் ஜெயில்ல இருந்து வெளிய வந்த ஒருத்தரும் ஒரே தேதியில. இதைப் போர்டுல எழுதறப்ப ரெண்டு வரியும் ஒரே அளவு இருக்கட்டும், ‘கொடூரமான’, ‘மாபெரும்’ மாதிரி சொல்லு ஒண்ணும் வேண்டாம், எண்ணிக்கையும் வருஷமும் இடமும் போதும்.

இன்னொரு விஷயம், மண்டேலாவுக்கு ஆயுள் தண்டனை விதிச்சது 1964 ஜூன் 12. ஜூன் 12ன்னா நம்மூர்ல யாரைக் கேட்டாலும் மேட்டூர் தண்ணி திறக்கற நாள்னு தான் சொல்லுவாங்க! ஆக தண்டனை விதிச்ச தேதியும் விட்ட தேதியும் ரெண்டுமே சேலத்துல அர்த்தம் உள்ள தேதி. ஆனா இங்க ஒரு எச்சரிக்கை, ஜூன் 12 வழக்கமான தேதி தான், ஒவ்வொரு வருஷமும் அன்னைக்கே திறந்தாங்கன்னு எழுதிராதீங்க. தண்ணி இருப்பைப் பொறுத்து மாறும், 2022ல மே 24லயே திறந்தாங்க, 2024ல ஜூலை 28 ஆயிருச்சு. ‘குறுவைக்கு வழக்கமாகத் திறக்கும் நாள்’னு எழுதுனா சரி. அதே நாள்ல 1975ல அலகாபாத் ஹைகோர்ட் இந்திரா காந்தியோட தேர்தல் செல்லாதுன்னு தீர்ப்பு சொன்னதும் இருக்கு, மண்டேலாவும் அதுவும் ரெண்டுமே கோர்ட் தீர்ப்பு, ஜூன் 12க்கு இந்த மூணே போதும்.

ஆகஸ்ட் 27க்கு வாங்க. 1944ல சேலத்துல நடந்த மாநாட்டுல தான் நீதிக்கட்சி திராவிடர் கழகம்னு பேர் மாறுச்சு, தமிழ்நாட்டு அரசியல்ல இவ்வளவு பெரிய விஷயம் நம்மூர்ல நடந்திருக்கு. வெளியில பாத்தா 1883ல இந்தோனேசியாவுல கிரகடோவா எரிமலை வெடிச்சது இதே நாள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இந்தியப் பெருங்கடல்ல ராட்ரிக்ஸ் தீவு வரைக்கும் சத்தம் கேட்டுச்சு, முப்பத்தாறாயிரம் பேருக்கு மேல செத்தாங்க, அதுல நிறைய பேரு சுனாமியில. அப்புறம் 1896ல சான்சிபார்ல பிரிட்டிஷ்காரங்களுக்கும் சுல்தானுக்கும் நடந்த சண்டை, முக்கால் மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சு முடிஞ்சது, உலகத்துலயே ரொம்பச் சின்ன போர்னு சொல்றாங்க. பசங்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும், ரெண்டு பீரியடு அளவு கூட இல்லாத போர். பிராட்மேன் பொறந்ததும் 1908 ஆகஸ்ட் 27 தான். இவ்வளவு கிடைக்கறப்ப நாலையும் போடணும்னு கை அரிக்கும், ஆனா பிராட்மேனை விட்டுருங்க, கிரிக்கெட்டுக்கு நமக்கு வேற தேதி இருக்கு.

அது ஜனவரி 19. எனக்கு ரொம்பப் பிடிச்ச பக்கம் இது. 1938 ஜனவரி 19ல மலையாளத்தோட முதல் பேசும்படம் ‘பாலன்’ ரிலீஸ் ஆச்சு, அதை எடுத்தது டி.ஆர்.சுந்தரத்தோட மாடர்ன் தியேட்டர்ஸ், ஏற்காடு ரோட்டுல இப்பவும் அந்த வளைவு நிக்குதே அதே கம்பெனி. மலையாளத்துக்காரங்க முதல்ல பேசுன படம் சேலத்துல உருவாச்சுன்னு சொன்னா இன்னைக்கும் பசங்க நம்ப மாட்டாங்க. 2021 ஜனவரி 19, பிரிஸ்பேன் காபா மைதானத்துல இந்தியா ஆஸ்திரேலியாவை ஜெயிச்சது, அந்த டெஸ்ட்ல தான் நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன் முதல் டெஸ்ட் ஆடுனாரு, முதல் இன்னிங்ஸ்ல 78 ரன்னுக்கு மூணு விக்கெட். ரெண்டுமே சேலத்துல இருந்து கிளம்பி வெளியூர்ல போய் பேர் வாங்குனது. இந்தப் பக்கத்துக்கு மூணாவது வரி தேவையே இல்ல.

இன்னும் சிலது வேகமா சொல்லிடறேன். ஏப்ரல் 19, காங்கிரஸ் தலைவரா 1920 நாக்பூர் மாநாட்டுல இருந்த சேலம் விஜயராகவாச்சாரியார் இறந்த நாள் (1944), நம்ம முதல் செயற்கைக்கோள் ஆரியபட்டா மேல போன நாளும் அது (1975). அவரு பொறந்தது 1852 ஜூன் 18, அந்தத் தேதியில 1983ல கபில்தேவ் ஜிம்பாப்வேக்கு எதிரா 17 ரன்னுக்கு 5 விக்கெட் போன நிலைமையில இருந்து 175 அடிச்சாரு. அக்டோபர் 1, 1937ல ராஜாஜி மந்திரிசபை மதுவிலக்கை முதன்முதலா கொண்டு வந்தது சேலம் ஜில்லாவுல தான், அதே தேதியில 1949ல மாவோ சீன மக்கள் குடியரசை அறிவிச்சாரு, 1964ல ஜப்பான்ல முதல் புல்லட் ரயில் ஓடுச்சு. நவம்பர் 1, 2007ல சேலம் ரயில்வே கோட்டம் உருவாச்சு, பாலக்காடு கோட்டத்துல இருந்து பெரும்பகுதியைப் பிரிச்சதுல கேரளாவுல எதிர்ப்பு கிளம்புச்சு, நவம்பர் 1 தான் 1956ல கேரளா மாநிலமே உருவான நாள்ங்கறது இதுல ஒரு கூத்து. போர்டுல ரெண்டையும் எழுதி விட்டுருங்க, கமெண்ட் எதுவும் வேண்டாம்.

சரி, இப்ப சரிபாக்கறது. எந்தத் தேதியா இருந்தாலும் மூணு கேள்வி கேக்கணும்.

ஒண்ணு, யாரோட காலண்டர்? ரஷ்யாவுல அக்டோபர் புரட்சின்னு சொல்றோம், ஆனா கொண்டாடுனது நவம்பர் 7ல. அவங்க 1918 வரைக்கும் பழைய ஜூலியன் காலண்டர் வச்சிருந்தாங்க, நம்ம கணக்குக்கு 13 நாள் பின்னாடி, அவங்களோட அக்டோபர் 25 தான் நமக்கு நவம்பர் 7. ஃபார்வர்டுல ரெண்டு தேதியிலயும் ரஷ்யப் புரட்சி வரும், ரெண்டு தடவை எழுதிராதீங்க, நவம்பர் 7லயே வைங்க. அன்னைக்கு சி.வி.ராமனும் (1888) மேரி கியூரியும் (1867) பொறந்திருக்காங்க, ரெண்டு பேரும் இயற்பியல் நோபல் வாங்குனவங்க, அருமையான பக்கம். இங்கிலாந்துக்காரங்க 1752ல மாறுனாங்க, செப்டம்பர் 2ந்தேதி ராத்திரி படுத்து எந்திரிச்சா செப்டம்பர் 14. அதனால நியூட்டன் பிறந்தநாள் பழைய கணக்குல 1642 டிசம்பர் 25, புதுக் கணக்குல 1643 ஜனவரி 4. ஷேக்ஸ்பியரும் ஸ்பெயின் எழுத்தாளர் செர்வான்டசும் ஒரே நாள்ல, 1616 ஏப்ரல் 23ல இறந்தாங்கன்னு வர்றதும் இதே கோளாறு தான், ஸ்பெயின் அப்பவே புதுக் காலண்டருக்கு வந்துருச்சு, இங்கிலாந்து வரல, ரெண்டுக்கும் நடுவுல பத்து நாள் வித்தியாசம், போதாததுக்கு செர்வான்டஸ் இறந்தது 22ன்னும் 23 அடக்கம் பண்ண நாள்னும் சொல்றாங்க.

சென்னை தினம்னு கொண்டாடற 1639 ஆகஸ்ட் 22 கூட கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்களோட பழைய காலண்டர் தேதி தான். நல்ல வேளை சேலத்துக்கு இந்தத் தலைவலி இல்ல, நம்ம பகுதி திப்பு சுல்தான்கிட்ட இருந்து கம்பெனி கைக்குப் போனதே 1792ல, அலெக்சாண்டர் ரீடு முதல் கலெக்டரா வந்தாரு, அதுக்கு நாப்பது வருஷம் முன்னாடியே இங்கிலாந்து காலண்டரை மாத்திருச்சு. அதனால ஜில்லா ரெக்கார்டுல இருக்கற தேதியை அப்படியே எடுத்துக்கலாம்.

ரெண்டு, யாரோட கடிகாரம்? நிலாவுல மனுசன் கால் வச்சது ஜூலை 20, 1969ன்னு எல்லா லிஸ்ட்லயும் இருக்கும், அது அமெரிக்கா கணக்கு. நம்ம நேரத்துக்கு ஈகிள் கலம் நிலாவுல இறங்குனது 21ந்தேதி விடிகாலை 1 மணி 47 நிமிஷம், ஆம்ஸ்ட்ராங் காலை கீழ வச்சது காலையில 8:26. திங்கக்கிழமை, பசங்க ஸ்கூலுக்குக் கிளம்பற நேரம். இதை ‘ஜூலை 21, நம் நேரப்படி’ன்னு எழுதுனீங்கன்னா எழுபது வயசுக்காரங்க ரெண்டு பேரு வந்து நின்னு அன்னைக்கு ரேடியோவுல கேட்ட கதையைச் சொல்லுவாங்க, 20ல எழுதுனா அது நடக்காது. பேர்ல் ஹார்பரும் இப்படித் தான், ஹவாய்ல டிசம்பர் 7, ஜப்பான்ல டிசம்பர் 8. என் கருத்து, நடந்த இடத்துத் தேதியை வச்சுக்கோங்க, நம்மூர் நேரம் சுவாரசியமா இருந்தா அதையும் சேத்துச் சொல்லுங்க.

மூணு, அன்னைக்கு என்ன நடந்துச்சு? தீர்மானம் போட்டதா, கையெழுத்து ஆனதா, அமலுக்கு வந்ததா. மெட்ராஸ் ஸ்டேட்டுக்கு தமிழ்நாடுன்னு பேர் வைக்க சட்டசபை தீர்மானம் 1967 ஜூலை 18, பேரு அமலுக்கு வந்தது 1969 ஜனவரி 14. அரசியலமைப்பை ஏத்துக்கிட்டது 1949 நவம்பர் 26, நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26. டைட்டானிக் கிளம்புனது ஏப்ரல் 10, பனிப்பாறையில இடிச்சது 14 ராத்திரி, மூழ்குனது 15. வினைச்சொல்லை சரியாப் போட்டாலே தேதி சரியாயிரும். அன்னை தெரசா பிறந்தநாளை சில இடத்துல ஆகஸ்ட் 27ன்னு பாப்பீங்க, பொறந்தது 26, ஞானஸ்நானம் 27, அவங்களே 27ஐத் தான் தன்னோட நிஜப் பிறந்தநாளா சொல்லிக்கிட்டாங்க.

தமிழ் மாசம் வேற கதை. ஆடி 18 ஆகஸ்ட் 2லயோ 3லயோ விழும், கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா, ராஜராஜ சோழனுக்கு சதயவிழா, ரம்ஜான், இதெல்லாம் நட்சத்திரமோ பிறையோ கிழமையோ பாத்து வர்றது, போன வருஷத் தேதியை இந்த வருஷம் எழுதுனா மாட்டிக்குவீங்க. டைரியில இதையெல்லாம் பென்சில்ல எழுதுங்க. கோயில் கல்வெட்டு, பழைய வீட்டு வாசக்கால், சத்திரத்துச் சுவர்ல ‘பவ வருஷம் ஆவணி’ன்னு இருந்தா உடனே 1934ன்னு முடிவு பண்ணிராதீங்க, அறுபது வருஷச் சுழற்சியில 1874, 1934, 1994 மூணுமே பவ வருஷம். பக்கத்துல கலியுக ஆண்டோ சக ஆண்டோ இங்கிலீஷ் வருஷமோ இருக்கான்னு பாருங்க, இல்லன்னா யாரு கட்டுனாங்கங்கறதை வச்சு தான் கண்டுபிடிக்கணும்.

நம்மூர்த் தேதி எங்க கிடைக்கும்னா, நடந்து பாருங்க. அடிக்கல், திறப்பு விழாக் கல் எல்லாத்துலயும் நாள் மாசம் வருஷம் மூணும் இருக்கும், செவ்வாய்ப்பேட்டை, கோட்டை, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஞாயித்துக்கிழமை சுத்துனா பத்து பதினைஞ்சு தேறும், போன்ல போட்டோ எடுத்துக்கோங்க. ஏற்காட்டுல சர்ச் கல்லறையில இருக்கற கல்லுங்க ரொம்ப உபயோகம், எஸ்டேட் வச்சிருந்தவங்க, கலெக்டர் ஆபீஸ் ஆளுங்க, எல்லாருக்கும் துல்லியமா தேதி வெட்டி வச்சிருப்பாங்க. மாவட்ட மைய நூலகத்துல கெசட்டியர் (ஜில்லா பத்தி அரசாங்கம் போட்ட தகவல் புத்தகம்) கேளுங்க, 1918ல ரிச்சர்ட்ஸ் தொகுத்த சேலம் கெசட்டியர் நெட்டுலயும் கிடைக்குது.

ஆனா ஏற்காடு விஷயத்துல ஒரு பிரச்சனை, வருஷம் கிடைக்கும், நாள் கிடைக்காது. 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் மலையில காபி கொண்டு வந்தாரு, மான்ட்ஃபோர்ட் ஸ்கூல் 1917ல ஆரம்பிச்சது, இதெல்லாம் உறுதி, ஆனா எந்தத் தேதின்னு இல்லாம போர்டுல ஏத்த முடியாது. டைரி கடைசியில ‘நாள் தெரியாதது’ன்னு நாலு பக்கம் ஒதுக்கி அங்க வைங்க. ஏதோ ஒரு தேதியை ஒட்ட வச்சு எழுதுனா அடுத்த வருஷமே அது நாலு குரூப்புக்கு ஃபார்வர்டா போய் சுத்தி உங்ககிட்டயே ஆதாரமா வந்து நிக்கும். கோடை விழாவும் அப்படித் தான், மே மாசம்னு சொல்லலாம், தேதி வருஷா வருஷம் மாறும்.

சேலம் சம்பந்தமா ஒண்ணுமே இல்லாத தேதி நிறைய வரும், அப்ப வட்டத்தைக் கொஞ்சம் பெருசாக்குங்க. டிசம்பர் 22 ராமானுஜன் பொறந்தது ஈரோட்டுல (1887), அது நம்ம பக்கம் தான். ஏப்ரல் 10 பாருங்க, 1802ல லாம்டன் பரங்கிமலையில அளவுக்கோடு போட்டு இந்தியாவையே அளக்கற வேலையை ஆரம்பிச்ச நாள், சங்கிலியை இழுத்து இழுத்து வாரக்கணக்குல அளந்தாங்க, அதே ஏப்ரல் 10, 1982ல இன்சாட் 1ஏ விண்ணுக்குப் போச்சு, அது சில மாசத்துலயே செயலிழந்து போனது வேற விஷயம். தரையில சங்கிலி, வானத்துல செயற்கைக்கோள், ஒரே தேதி. ஜோடி இவ்வளவு நல்லா இருந்தா ஊர்ப் பேரு இல்லாட்டியும் பரவாயில்ல.

யாராவது கண்டிப்பா கேப்பாங்க, இப்படியெல்லாம் ஒத்துப் போறது அதிசயமா இல்லையான்னு. அதிசயம் ஒண்ணும் கிடையாது, இருக்கறதே 366 தேதி, நடந்தது லட்சக்கணக்குல, மோதிக்கிட்டுத் தான் ஆகணும். ஸ்கூல்ல போடறீங்கன்னா இதையே ஒரு நாள் விளையாட்டா வைங்க, ஒரு கிளாஸ்ல 23 பேர் இருந்தாலே ரெண்டு பேருக்கு ஒரே பிறந்தநாளா இருக்க வாய்ப்பு பாதிக்கு மேல, நாப்பது பேர் இருந்தா கிட்டத்தட்ட 89 சதவீதம். கையைத் தூக்கச் சொல்லிப் பாருங்க, கணக்கு வாத்தியாரும் சந்தோசப்படுவாரு. இதுல ஒரு வித்தியாசம் மட்டும் கவனமா காட்டணும், ஒரே தேதி வேற வேற வருஷம்ங்கறது சாதாரணம், ஒரே தேதி ஒரே வருஷம்ங்கறது அபூர்வம். லிங்கனும் டார்வினும் 1809 பிப்ரவரி 12ல, ஒரே நாள்ல பொறந்தவங்க. அந்த மாதிரி இடத்துல மட்டும் ‘அன்றைக்கே’ன்னு எழுதுங்க, மத்ததுக்கெல்லாம் ‘இதே தேதியில்’னு எழுதுங்க, இல்லன்னா மண்டேலா விடுதலை ஆனப்ப தான் சேலம் ஜெயில்ல சுட்டாங்கன்னு ஒரு பையன் பரீட்சையில எழுதி வைப்பான்.

எழுதற விதம் பத்தி கொஞ்சம். வருஷத்தை வரி ஆரம்பத்துல பெருசா எழுதுங்க, கலர் சாக்பீஸ் இருந்தா வருஷத்துக்கு மட்டும். ஒரு விஷயத்துக்கு ரெண்டு வாக்கியத்துக்கு மேல வேண்டாம். பிரேயர்ல வாசிக்கறதா இருந்தா பசங்க வாய்க்கு வராத வெளிநாட்டுப் பேரு ஒண்ணுக்கு மேல போடாதீங்க, சான்சிபார் ஒண்ணே போதும், சுல்தான் பேரெல்லாம் வேண்டாம். அரசியல் தலைவருங்க வர்ற நாள்ல பட்டப்பேரு எதுவும் சேக்காதீங்க, ராஜாஜிக்கும் பெரியாருக்கும் ஒரே மரியாதை, எப்படி எழுதுனாலும் ஒருத்தர் வந்து ‘ஏன் அவரைப் போட்டீங்க’ன்னு கேப்பாரு, ‘தேதி அப்படிங்க’ன்னு சொல்லிட்டுப் போயிட்டே இருக்கலாம், தேதி சரியா இருந்தா அந்தப் பதில் செல்லும்.

ஒரு மாதிரிக்கு டிசம்பர் 10 எப்படி எழுதலாம்னு கீழ குடுத்திருக்கேன், இதை அப்படியே போர்டுல போடலாம்:

1878 – சேலத்தில் வக்கீலாக இருந்து நகராட்சித் தலைவரும் ஆன ராஜாஜி பிறந்தார். ஊர் தொரப்பள்ளி, அன்றைக்கு சேலம் ஜில்லா.

1896 – டைனமைட் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் நோபல் இறந்தார். அவர் சொத்தில்தான் நோபல் பரிசு. ஒவ்வொரு வருடமும் பரிசு கொடுப்பது இந்தத் தேதியில்.

1930 – சர் சி.வி.ராமன் ஸ்டாக்ஹோமில் நோபல் பரிசு வாங்கினார்.

மனித உரிமை தினமும் அன்னைக்குத் தான் (1948ல ஐ.நா. பிரகடனம்), ஆனா அது எல்லா லிஸ்ட்லயும் வரும், போர்டுல இடம் இருந்தா ஓரத்துல போட்டுக்கோங்க. ராமன் வரியைப் படிச்சுட்டு ‘இவரு பிறந்தநாளை நவம்பர் 7ல எழுதுனீங்களே’ன்னு ஒரு பொண்ணோ பையனோ கேட்டா, அடுத்த மாசத்துல இருந்து டைரியை அந்தப் பிள்ளைகிட்ட குடுத்துருங்க, மிச்சத் தேதியை அவங்களே தேடிப் போட்டுருவாங்க.